வேருக்கு ஆள் அடையாளம் தெரியாது

கே: எங்கள் மாடு பொம்மசந்திரா ஏரிக்கரையில் மேய்கிறது. பக்கத்து மருத்துவமனையில் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கிறார்களாம். அது புல் வழியாகப் பாலுக்கு வருமா?

ப: அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். நோயாளியின் கழிவைத் தொட்டியில் தேக்கி, வீரியம் வடிந்த பிறகுதான் வெளியே விட வேண்டும் என்பது விதி. ஏரியைக் கெடுக்கத் தொழிற்பேட்டைச் சாக்கடையே போதும்; பாவம், அயோடினை விட்டுவிடுங்கள்.

கே: கதிரியக்கப் பொருள் எது, உரம் எது என்று வேருக்குத் தெரியாதா?

ப: தெரியாது. சீசியம்-137 பொட்டாசியத்தின் சாயலில் வரும், ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தின் சாயலில். மண்ணில் பொட்டாஷ் பஞ்சம் என்றால் சீசியத்துக்கு ராஜமரியாதை. ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு ஜப்பானில் நெல் வயல்களுக்குப் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாகப் போட்டது இதனால்தான்.

மண்ணின் குணமும் முக்கியம். இல்லைட் என்ற களிமண் சீசியத்தைத் தன் ஏடுகளுக்குள் பூட்டிவிடும். வேல்ஸ் மலைப் புல்வெளியில் களி குறைவு. எல்லாம் மக்கிய, புளித்த மண். 1986-ல் செர்னோபில் மாசு மழையோடு அங்கே இறங்கியபோது, சில வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆட்டு விற்பனைக்கான கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012-ல்! சீசியம் பாதியாகவே 30 வருடம் பிடிக்கும். நம் பக்கத்துச் செம்மண்ணில் கயோலினைட் களிதான் அதிகம். அதற்கு இல்லைட் அளவுக்குப் பிடி கிடையாது.

கே: மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறதே, அங்கே புல் இருட்டில் மின்னுமா?

ப: மின்மினி வந்து உட்கார்ந்தால் மின்னும். தோரியம் அங்கே மோனசைட் மணிகளுக்குள் அடைபட்டிருக்கிறது. மோனசைட் தண்ணீரில் லேசில் கரையாது. கரையாததை வேர் குடிப்பது எப்படி? ஆனால் மாடு வேரை நம்பி இல்லை. கோடையில் குட்டைப் புல்லைக் கறண்டும்போது மண்ணும் சேர்ந்தே வாய்க்குள் போகும். தோரியம், புளூட்டோனியம் மாதிரி வேர் சீண்டாத சரக்குக்கு இதுதான் குறுக்கு வழி.

கே: மாட்டின் வயிற்றுக்குள் போன சீசியத்தை என்ன செய்வது?

ப: பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பொருள் கொடுக்கலாம். குடலிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு அனுப்பிவிடும். நார்வேயில் ஆடுகளுக்கும் கலைமான்களுக்கும் கொடுத்தார்கள்.

கே: அப்படியானால் பொட்டாஷ் போட்டால் மண்ணில் கதிரியக்கமே இருக்காதா?

ப: பொட்டாஷிலேயே பொட்டாசியம்-40 இருக்கிறது, அதுவும் கதிரியக்கம்தான். வாழைப்பழத்தில் உண்டு, இளநீரில் உண்டு, கேள்வி அனுப்பிய உங்களிடமும் உண்டு. கடிதத்தைக் கையுறை போடாமல்தான் பிரித்தேன்.