டாடா சித்தப்பா

வேலை போய்விட்டது என்று டாடா சித்தப்பாவிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது. பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போயிற்று, பையன் நீட்டில் கோட்டை விட்டுவிட்டான், பித்தப்பையில் கல், சீட்டுப் பிடித்தவன் ஓடிவிட்டான் என எதைச் சொன்னாலும் அவர் செய்வது ஒன்றுதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைப்பார். அவசரமே கிடையாது. முதலில் இடது பக்கம், ஊதிவிட்டு வலது பக்கம். மாட்டிக்கொண்டு, "1999" என்பார்.

அவ்வளவுதான், நாம் டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தாயிற்று. அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, பஸ் வந்து நின்று போனாலும் சரி, ஊர் திரும்ப அரை மணி நேரம் ஆகும்.

கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சூரியோதயப் படத்தோடு வந்திருக்கும். இண்டிகா கார் எதிர்பார்த்தபடி போகவில்லை. கார் பிரிவையே ஃபோர்டுக்கு விற்றுவிடலாம் என்று ரத்தன் டாடா தன் ஆட்களோடு டெட்ராய்ட் போகிறார். 'ஒன்றும் தெரியாமல் எதற்குக் கார் தொழிலில் இறங்கினீர்கள், நாங்கள் வாங்கிக்கொண்டால் அது உங்களுக்கு உபகாரம்' என்கிற தோரணையில் அங்கே பேசுகிறார்கள். விற்காமலே திரும்பிவிடுகிறார். 2008இல் அதே ஃபோர்டு ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு டாடாவிடம் தள்ளிவிடுகிறது. இந்தத் தடவை உபகாரம் என்று நன்றி சொல்வது அவர்கள் முறை. கூடப் போயிருந்த டாடா அதிகாரி ஒருவர் 2014இல் ஒரு மேடையில் சொன்னது. நல்ல கதைதான், யார் இல்லை என்றார்கள்?

ஆனால் மேடையில் சொன்ன கதை வேறு, சித்தப்பா வளர்த்த கதை வேறு. ஊரடங்கு சமயத்தில் வெறும் மூன்று மணி நேரக் கூட்டமாக இருந்தது. அடுத்த தீபாவளிக்குள் குடிக்கத் தண்ணீர் தரவில்லை. பொங்கலுக்கு நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். இன்றைய நிலவரப்படி வெளியே பனி கொட்டுகிறது, ரத்தன் டாடா கோட்டு இல்லாமல் நிற்கிறார், வாட்ச்மேன் கேட்டைச் சாத்துகிறான். "ஒரு வார்த்தை திருப்பிப் பேசலையேப்பா மனுஷன்!" என்று சொல்லும்போது சித்தப்பாவுக்குத் தொண்டை அடைக்கும். என்னவோ கோட்டை இவர் கையில் வாங்கி வைத்திருந்த மாதிரி. சித்தப்பா விமானம் ஏறியதே ஒரு தடவை, காசி யாத்திரைக்கு. உத்தியோகம் பார்த்தது மின்வாரியத்தில். டாடா கம்பெனிப் பங்கு என்று அவர் பெயரில் ஒன்றுகூடக் கிடையாது.

கதை முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே மருந்துச்சீட்டு: "ஒன்பது வருஷம் பொறுத்தார். நீயும் பொறு." நீட் எழுதின பையன் பொறுத்தால் கல்யாண வயசு வந்துவிடும். பித்தப்பைக் கல்லை ஒன்பது வருஷம் பொறுக்கச் சொல்லும் டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

டெட்ராய்ட் போகாத நேரங்களில் பாக்கெட்டுகளைத் திருப்பிக்கொண்டிருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் எதிரில் இருப்பதை எடுத்துக் கவிழ்த்து, பொடி எழுத்தைப் படித்து, "இதுவும் டாடாதான்" என்று திரும்ப வைப்பார். உப்பு, டீத்தூள், கைக்கடிகாரம், வோல்டாஸ் ஏசி எல்லாம் ஊருக்கே தெரியும். இவர் கணக்கில் ஸூடியோ சட்டையும் பிக்பாஸ்கெட்டில் வந்த கத்திரிக்காயும்கூட உண்டு. பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் "நீ டிசிஎஸ்தானேம்மா?" என்று கேட்டு, கேன்டீன் சாப்பாடு எப்படி என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் கைரேகை வைத்தார். ஹமாம் சோப்பைப் பார்த்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும். டாடா ஆயில் மில்ஸ் 1993இல் ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தபோது அது கைமாறிவிட்டது. பெண்ணை வேண்டாத இடத்தில் கட்டிக்கொடுத்தவர்போல, சோப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

சித்தியிடம் இதெல்லாம் பலிக்காது. டாடா உப்பு மோர்சாதத்தோடு சரி. சாம்பாருக்கும் ரசத்துக்கும் தூத்துக்குடிக் கல்லுப்பு. "மித்தாப்பூர்லேர்ந்து வருது, தெரியுமா?" என்பார் இவர். "வந்துட்டுப் போகட்டும். ஜாடியை மூடுங்க" என்பார் அவர்.

ஒரு விஷயம் எனக்குப் புரிந்ததே இல்லை. 2017 முதல் டாடா சன்ஸ் தலைவராக இருக்கும் சந்திரசேகரன் நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்துவிட்டு அந்த நாற்காலி வரை போனவர். எங்கள் தெருப் பையன்களுக்குச் சொல்ல வேண்டிய கதை என்றால் அதுதான். சித்தப்பா அதை இரண்டே வரியில் முடித்துவிடுவார். யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை, கேட்டைச் சாத்தவில்லை. அவருக்கு அதில் உப்பு இல்லை.

ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டுக்கும் ரவா கேசரி வந்தது. பிற்பாடு அவர்களுடைய சானந்த் ஆலையை டாடாவே சுமார் 726 கோடி ரூபாய்க்கு வாங்கவும், கதைக்கு இரண்டாம் பாகம் கிடைத்துவிட்டது. "அவமானப்படுத்தினவன் கதியைப் பாத்தியா?"

இங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த அறிவிப்பில் நம் மறைமலைநகரும் இருந்தது. சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. டெட்ராய்ட்டில் எவனோ ஒரு அதிகாரி வாய்த்துடுக்காகப் பேசியதற்கு, செங்கல்பட்டிலிருந்து ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தவன் என்ன செய்வான்? சித்தப்பா கதையில் அவனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. கேசரித் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இதைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். நான் நழுவிவிட்டேன்.

சொல்லவந்தது முழுக்கச் சொல்லிவிடுகிறேன். ரத்தன் டாடா டெட்ராய்ட்டில் பட்டது அவமானம். எங்கள் தெருவில் படுவது பணமுடை. இரண்டும் ஒன்றல்ல. கார் கம்பெனி 2000-01இல் 500 கோடி ரூபாய் நஷ்டம் கண்டது உண்மைதான்; ஆனால் குழுமத்தில் எஃகு இருந்தது, டீ இருந்தது, சாஃப்ட்வேர் இருந்தது. ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும். அப்படித் தாங்க ஆள் இருப்பவர்கள் ஒன்பது வருஷம் பொறுக்கலாம். சித்தப்பா சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்றும் உண்டு. ஜாகுவாரை வாங்கின கையோடு உலகச் சந்தை சரிந்து, 2008-09 கணக்கில் டாடா மோட்டார்ஸ் சுமார் 2,500 கோடி நஷ்டம் காட்டியது. வாங்கின கடன் வேறு தலைக்குமேல். அந்த வருஷத்தை எப்படித் தாண்டினார்கள், யாரிடம் தவணை கேட்டார்கள், எதை நிறுத்தினார்கள் என்று சொன்னாலாவது கஷ்டத்தில் இருப்பவனுக்கு ஏதோ கிடைக்கும். அதில் கைதட்டல் கிடையாதே.

போன வருஷம் மேல்வீட்டு லேத் பட்டறைக்காரர் சிக்கிக்கொண்டார். அம்பத்தூரில் பட்டறை. ஜாப் ஒர்க் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். மிஷினுக்கு வாங்கின கடனுக்கு மாதாமாதம் 5ஆம் தேதி தவணை. மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவரை சித்தப்பா பிடித்துக்கொண்டு, பனி கொட்டி, கேட்டைச் சாத்தி, ஜாகுவார்வரை கூட்டிப்போய் இறக்கிவிட்டார். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, ஈரத் துண்டை உதறிக்கொண்டே சொன்னார்: "அவருக்கு ஒன்பது வருஷம் இருந்தது சித்தப்பா. எனக்கு ஒன்பது நாள்தான் இருக்கு."

சித்தப்பா பதில் பேசவில்லை. அவர் பதில் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை என்னை வண்டியை எடுக்கச் சொன்னார். கூட்டுறவு வங்கிக்குப் போனோம். மணிவிழாவுக்கு மகன் போட்ட மோதிரத்தை, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். சித்திக்குச் சொல்லவில்லை என்பது அந்த முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது. நகை மதிப்பீட்டாளர் மோதிரத்தை உரைகல்லில் இழுத்து ஒரு சொட்டு திராவகம் விட்டார். சித்தப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தனிஷ்க் சார் இது. உரைச்செல்லாம் பாக்கணுமா?"

"எல்லா நகையையும் உரைச்சுத்தான் பாக்கணும்."

"ஓசூர்ல நம்ம டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984ல ஆரம்பிச்ச கம்பெனியோட நகை. தமிழ்நாடு அரசாங்கமே பங்குதாரர். உங்களுக்குத் தெரியுமோ இல்லையோ..."

மதிப்பீட்டாளர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு பெண்கள் கம்மலோடு காத்திருந்தார்கள். தராசில் வைத்து, எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தார்.

"எதுக்குக் கழிக்கிறீங்க?"

"நடுவுல கல் இருக்கே சார். கல்லுக்குக் கழிச்சாகணும்."

"டாடா வச்ச கல்லுக்கா?"

"யார் வச்சாலும் கல் கல்தான் சார். அடுத்து யாரும்மா?"

தவணை கட்டியாயிற்று. பட்டறையும் ஏதோ ஓடுகிறது. ஆனால் அந்த வங்கியோடு சித்தப்பாவுக்கு இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது. மோதிரத்துக்கு வட்டி கட்ட லேத் பட்டறைக்காரரும் நானும்தான் மாற்றி மாற்றிப் போய்வருகிறோம்.