ஷ்மிட்டுக்குக் கல், குப்பத்துக்குப் பாட்டு

சுங்குவார்சத்திரத்தில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் பெசன்ட் நகர்தான். மெரினாவுக்கும் போயிருக்கிறோம், அது மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கிற பயணத்தில் ஒரு பகுதி. பெசன்ட் நகருக்குப் போக வேறு காரணங்கள் இருந்தன. ஒன்று, மாதா கோயில். ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை அங்கே திருவிழா. காவி உடுத்தி நடந்தே போகிறவர்களில் எங்கள் தெருக்காரர்களும் இருப்பார்கள். இன்னொன்று, என் அத்தை. எண்பதுகளில் அவர் அங்கே ஹவுசிங் போர்டு வீட்டில் குடியிருந்தார். பரீட்சை லீவு விட்டதும் என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள்.

அப்போது எங்கள் ஊர் ஒரு கூட்டுரோடு. வாலாஜாபாத் பக்கம் ஒரு சாலை, திருவள்ளூர் பக்கம் ஒரு சாலை, குறுக்கே பெங்களூர் டிரங்க் ரோடு. சுற்றிலும் ஏரிகள், நெல், வேர்க்கடலை. பாட்டு என்றால் எங்களுக்கு இரண்டுதான்: கோயில் விழாவில் குழாய் ஸ்பீக்கரில் வைக்கிற சினிமாப் பாட்டு, விடிய விடிய நடக்கிற பாரதக் கூத்து. கூத்தில் ஊதுகிற முகவீணையின் சத்தம் ஏரிக்கரையைத் தாண்டிக் கேட்கும். கடற்கரையில் வேறு விதமான சத்தங்கள் இருக்கும் என்று அத்தை வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கரையில் பார்க்க வேண்டியவை என்று மாமா ஒரு வரிசை வைத்திருந்தார். விடியற்காலையில் அஷ்டலட்சுமி கோயில்; 1976-இல் கும்பாபிஷேகம் ஆனது, நான் பார்த்தபோது இன்னும் புதுக்கோயிலாகவே இருந்தது. ஒலிபெருக்கியில் சுப்ரபாதம் முடியும்போது அலைச் சத்தம் மேலே வரும். அங்கிருந்து வடக்கே நடந்தால் 1972-இல் எழுந்த வேளாங்கண்ணி மாதா கோயில், அதன் மணி. அதற்கும் வடக்கே மணலில் வெள்ளையாக நிற்கிற ஷ்மிட் நினைவுச் சின்னம். கடைசியாக, அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் உடைந்த பாலம். 1967-இல் கட்டி, 1977-இல் ஆற்றின் வேகம் தாங்காமல் உடைந்து, அப்படியே விடப்பட்ட பாலம் அது. நடுவில் அறுந்து நிற்கிற அதன் முனைவரை போய்க் கழிமுகத்தைப் பார்ப்பதைவிடப் பெரிய சாகசம் அந்த வயதில் எனக்கு இல்லை.

ஷ்மிட்டின் கதையை மாமா ஒவ்வொரு முறையும் சொல்வார். டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல்காரர். 1930 டிசம்பர் 30 அன்று, அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கி இறந்தார். அதை ஒரு கல்லில் பொறித்து அங்கே பதித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண், கவர்னர் விருந்து என்றெல்லாம் ஊரில் பல கதைகள் உண்டு. கல்லில் இருப்பது அந்தப் பெயரும் தேதியும் செய்த காரியமும் மட்டும்தான். எவ்வளவு நல்ல காரியம்! முன்பின் தெரியாத கரையில் பிறருக்காக உயிரை விட்டவரின் பெயரை இந்த ஊர் மறக்காமல் வைத்திருப்பது எனக்கு இன்றும் பெருமைதான்.

இந்த நான்கு இடங்களுக்கும் நடுவே, மாமாவின் வரிசையில் வராத ஒன்று இருந்தது. ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். அடுத்தடுத்து இருக்கிற இரண்டு மீனவர் ஊர்கள். ஆல்காட் என்பது கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். 1882-இல் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவர், 1894-இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தவர். கடற்கரைக்கு எலியட் என்ற ஆங்கிலேய மாஜிஸ்திரேட்டின் பெயர், நகருக்கு அன்னி பெசன்ட்டின் பெயர், குப்பத்துக்கே அமெரிக்கக் கர்னலின் பெயர். அவர்களில் பலர் போற்றத் தக்கவர்கள். ஆனால் அந்த மணலில் தலைமுறை தலைமுறையாக வலை இழுத்தவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட அந்தக் கரையில் நான் படித்ததில்லை.

அவர்களிடம் இருந்தது அம்பா என்ற வலை இழுக்கும் பாட்டு. கரைவலை இழுப்பதை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். வலையின் ஒரு முனைக் கயிறு கரையில் இருக்கும். படகு கடலுக்குள் அரைவட்டமாகப் போய் மறுமுனையோடு திரும்பி வரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்குவார்கள். இழுக்கிற நொடியில் குரல் கனத்து, கயிறு நெகிழ்கிற நொடியில் குரலும் நெகிழும். கை எப்போது இழுக்க வேண்டும், கால் எப்போது பின்வாங்க வேண்டும் என்று சொல்வது அந்தப் பாட்டுதான். அன்றைக்கு மீன் குறைவு என்றால் கேலி, கடன்காரன் பேச்சு, அம்மன் பேர், கூடவே காதல், எல்லாம் அதற்குள் வரும். சரியான இடத்தில் அடி விழாவிட்டால் வலை கோணலாக வரும்.

ஒரு பெரியவரிடம் நான் கேட்டேன்: “ஏன் தாத்தா பாடிக்கினே இழுக்கிறீங்க?”

“பாட்டு இல்லாங்காட்டி இத்தினி பேர் கை ஒண்ணா வருமா கண்ணு? நீயும் புடி” என்று கயிற்றைக் காட்டினார். பிடித்தேன். உள்ளங்கை சிவந்தது. அந்தத் தாளம் உடம்பில் ஏறிய விதத்தைப் பிற்பாடு எந்தக் கச்சேரியிலும் நான் மறந்ததில்லை.

இத்தனைக்கும் அந்தப் பகுதி இசைக்கும் நடனத்துக்கும் பேர் போனது. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது அடையாற்றில். பிறகு அது குப்பத்துக்குச் சற்றுத் தெற்கே திருவான்மியூருக்குப் போனது. மியூசிக் அகாதெமி 1928-இல் தொடங்கியது; காலப்போக்கில் டிசம்பர் என்றாலே சென்னைக்குக் கச்சேரி மாதம் என்றானது. அதே மார்கழியில் குப்பத்து ஆட்கள் வாடைக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரில் சீசன் நடந்துகொண்டிருந்தபோதுதான் சுனாமி அந்தக் குப்பங்களுக்குள்ளும் புகுந்தது. ஒரே நகரம், ஒரே மாதம். ஆனாலும் இந்த இரண்டு உலகங்களும் ஒன்றுக்கொன்று வழி தெரியாமல் இருந்தன.

வழி 2015-இல் திறந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன், அவர்களுடைய நண்பர்கள், குப்பத்து மக்கள் எல்லோரும் சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். டிக்கெட் இல்லை. கர்நாடகக் கச்சேரியும் பரதமும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் கூத்தும் ஒரே மேடையில். எங்கள் சத்திரத்திலிருந்து நானும் போய் எல்லையம்மன் கோயில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பட்டுப்புடவை கட்டிய மயிலாப்பூர் அம்மாக்களுக்குக் குப்பத்துப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பாடகர் ஆலாபனை செய்யும்போது பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள், நாய் குரைத்தது, காற்று மைக்கில் மோதியது. இசைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

மீனவர்களுக்குப் போய் சங்கீதம் கற்றுக்கொடுக்கப் போகிறார்களா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே அதிகம் கற்றுக்கொண்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். பெசன்ட் நகரில் இருபது, முப்பது வருடம் குடியிருந்தும் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் முதன்முறையாக அந்தத் தெருவில் நடந்தார்கள். மேடையில் பறை ஒலித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கோ கூத்து வந்தபோதுதான் நெஞ்சு நிறைந்தது. எங்கள் காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கலை அது. பெ. ராஜகோபால் போன்ற வாத்தியார்கள் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்து அதைக் காப்பாற்றினார்கள். பிற்பாடு கிருஷ்ணாவும் பாடகி சங்கீதா சிவகுமாரும் ராஜகோபாலின் கலைஞர்களோடு சேர்ந்து கர்நாடக இசையையும் கட்டைக்கூத்தையும் ஒரே நிகழ்ச்சியாக்கினார்கள். நான் சிறுவயதில் ஏரிக்கரையில் கேட்ட முகவீணைக்குக் கிடைத்த மரியாதையாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

அதே 2015-இன் இறுதியில் எங்கள் ஊரையும் அந்தக் குப்பத்தையும் தண்ணீர் சேர்த்தது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். அங்கே மதகைத் திறந்தால் அடையாறு. ஒரகடத்தைத் தாண்டி மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் நீரும் அதே ஆற்றில்தான் சேரும். முடிவில் எல்லாம் உடைந்த பாலத்துக்கு அடியில் கடலில் கலக்கும். டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் வினாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. கோட்டூர்புரத்தில் வீடுகள் மூழ்கின. அப்போது சென்னைக் கரையோரக் குப்பங்களின் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து முதியவர்களையும் குழந்தைகளையும் மாடிகளிலிருந்து இறக்கினார்கள். தங்கள் பிழைப்புக்கான படகு சுவரில் மோதி உடையும் என்று தெரிந்தேதான் வந்தார்கள்.

1930-இல் ஷ்மிட் செய்ததும் 2015-இல் இவர்கள் செய்ததும் ஒரே வகைக் காரியம். அவருக்குக் கல் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். இவர்களுக்கு எங்கே?

இப்போது பெசன்ட் நகர் போனால் ஷ்மிட் சின்னத்தைச் சீர்செய்து வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் செல்ஃபி, சோளம், பலூன் சுடுகிற துப்பாக்கி. குப்பத்தில் கட்டுமரங்கள் அரிதாகிவிட்டன. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. மோட்டார் ஓடும்போது யாரும் பாடுவதில்லை. பாட வேண்டிய தேவையும் இல்லை. கரைவலை எப்போதாவது விழுகிறது. இளைஞர்கள் கானா பாடுகிறார்கள், அருமையாகப் பாடுகிறார்கள். அம்பாவை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது பெரும்பாலும் முதியவர்கள். ஆனால் மார்கழி மேடையில் மாற்றம் வந்தது: 2015-இல் டிசம்பர் சீசனில் இனிப் பாட மாட்டேன் என்று சொன்ன கிருஷ்ணாவுக்கு 2016-இல் மகசேசே விருது கிடைத்தது, 2024-க்கான சங்கீத கலாநிதி விருதை மியூசிக் அகாதெமியே கொடுத்தது. குப்பத்து விழாவும் பிறகு சென்னைக் கலைத் தெரு விழாவாக விரிந்தது. 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலுக்கு நடுவே கிருஷ்ணா பாடிய ‘புறம்போக்கு’ பாடலையும் நினைக்கிறேன். கபேர் வாசுகி எழுதியது. நதியும் ஏரியும் எல்லோருக்கும் பொது என்பதை நகரத்தின் பேச்சுத் தமிழில் கர்நாடக இசையாகக் கேட்டபோது, எங்கள் ஊர் ஏரிகளுக்கும் யாரோ வாய் திறந்ததுபோல இருந்தது.

எங்கள் சத்திரமும் இன்று வேறு ஊர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. அதன் பிறகு செல்போனும் டிவியும் ஃபிரிட்ஜும் இங்கே உற்பத்தியாயின. நெல் விளைந்த இடத்தில் ஹாஸ்டல்கள். தெற்கு மாவட்டப் பெண்களும் ஒடிசா, பீகார், அசாம் பையன்களும் ஷிஃப்ட் பஸ்ஸில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு அவரவர் ஊர்ப் பாட்டைத் தனித்தனியே கேட்கிறார்கள். ஒரு குப்பத்தால் முடிந்தது எங்கள் கூட்டுரோட்டாலும் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏரிக்கரையில் ஒரு மேடை போட்டு, நம் கூத்தையும் ஒடியாப் பாட்டையும் அசாமின் பிஹுவையும் சேர்த்து நடத்த ஊராட்சியும் தொழிற்சாலைகளும் முன்வர வேண்டும். அதற்கு ஆகிற செலவு பெரிதல்ல.

குப்பத்துக்காகக் கேட்பவை இரண்டு. 2015 வெள்ளத்தில் படகு ஓட்டி வந்த மீனவர்களுக்காக அந்தக் கரையில் ஒரு கல் வையுங்கள். மாநகராட்சி வைக்கட்டும், அவர்கள் ஊர்களின் பெயரோடு வைக்கட்டும். அம்பா தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்தோடும் தக்க சன்மானத்தோடும் அதைப் பதிவு செய்யுங்கள். இசைக் கல்லூரிகள் இதைச் செய்யலாம், வானொலி செய்யலாம். அடுத்த முறை பெசன்ட் நகர் போகும்போது ஷ்மிட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். வடக்கே குப்பத்துக்குள் நடந்து போய், வலை சரிசெய்துகொண்டிருக்கிற ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்து, அம்பா தெரியுமா என்று கேளுங்கள்.