வீடு எங்க கிடக்கு?

2024 ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 39 பேர். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் மட்டும் இல்லை. அந்தக் கட்சிக்காரரான அரியநேத்திரன் சங்குச் சின்னத்தோடு நின்றார். கட்சியோ செப்டம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி, சஜித் பிரேமதாசவின் தொலைபேசிச் சின்னத்தைத் தூக்கியது. அதே கட்சியின் சிறீதரன் சங்கை விடவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு!

நெடுங்கேணித் தேத்தண்ணிக் கடையில் இதற்குத் தீர்வு இருந்தது.

"ஒருத்தருக்கு 1, மற்றவருக்கு 2 எண்டு போடலாம் ஐயா."

"இதைக் கட்சிக்காரருக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார் பெரியவர். பிறகு, "சரி, பொலிஸ் பிடிக்காமல் சிவராத்திரிக்கு வெடுக்குநாறிமலைக் கோயிலுக்குப் போக எந்தச் சின்னம், தம்பி?"

கடைக்காரர் அவசரமாகச் சில்லறை எண்ணத் தொடங்கினார். அந்த ஆண்டு மார்ச்சில், சிவராத்திரியன்று அங்கே 8 பேர் கைதானது அவருக்கும் தெரியும்.