கமிட்டிக்குப் போற மாப்ளைக்கு

மாப்ளே, உன்ன காலேஜில ஏதோ கமிட்டியில போட்டிருக்காங்களாமே. உங்கம்மா போன் போட்டு, "அண்ணே, உன் மருமவன் இப்ப பெரிய மெம்பரு"ன்னு ஒரே பூரிப்பு. இன்னா கமிட்டின்னு கேட்டேன். ரெண்டு மாசமா வகுப்புக்கு ஒயுங்கா வராம, ராத்திரியெல்லாம் தூங்காம, ஆஸ்டல்ல யாரோடயும் பேசாம கெடக்கற ஒரு பையன், படிக்கறதுக்குத் தகுதியா இருக்கானா இல்லையான்னு முடிவு சொல்ற கமிட்டியாம். நல்லா இருக்குது போ. நாத்து நட ஆள் கெடைக்காம நாங்க அலையறோம், உனக்கு மட்டும் ஏ.சி. ரூம்ல பிஸ்கட்டு தின்னுக்கினே செய்யற வேலையா வந்து மாட்டுது பாரு.

கமிட்டியில யார் யாருன்னு விசாரிச்சேன். துறைத் தலைவரு, ஆஸ்டல் வார்டன், ஒயுங்கு நடவடிக்கைய பாக்கறவரு, அப்புறம் நீ. டாக்டர் யாரும் இல்லையான்னேன். "ஏன், நாலு பேருமே டாக்டருங்கதான், பி.எச்.டி."ன்னா உங்கம்மா. சரி, அந்தப் பையன் வருவானான்னேன். அவன் எதுக்கு, அவனப் பத்திதானே பேசப் போறாங்கன்னா. அதுவும் சரிதான்.

நீ உத்திரமேரூர்ல பொறந்தவன்றதால ஒண்ணு கேக்கறேன். வைகுண்டப்பெருமாள் கோயில் சுவத்துல இன்னா வெட்டி வச்சிருக்குதுன்னு ஞாபகம் இருக்குதா? முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டு. பள்ளிக்கூடத்துல அதப் பத்திப் பேசித்தான் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கின. ஊர முப்பது குடும்பா, அதாவது வார்டா, பிரிச்சாங்க, ஓலையில பேர எழுதிக் குடத்துல போட்டாங்க, வெவரம் தெரியாத சின்னப் பையன விட்டு எடுத்தாங்கன்னு கையை ஆட்டி ஆட்டிப் பேசின. 2020 டிசம்பர்ல புது பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டறப்போ பிரதமரே நம்ம ஊர் பேரச் சொன்னாரு. பெருமைதான். ஆனா அந்தக் கல்லுல நெறைய தகுதி வெவரம்தான் இருக்குது. யாரோட தகுதி? ஏரி வாரியத்துலயும் தோட்ட வாரியத்துலயும் உக்காரப் போறவனோட தகுதி. கமிட்டி மெம்பரோட தகுதி, மாப்ளே!

வரி கட்டற நெலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். சொந்த மனையில வூடு இருக்கணும். வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுவதுக்குள்ள. ஒரு வருஷம் உக்காந்தவன் அப்புறம் மூணு வருஷம் எட்ட நிக்கணும். முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் உள்ளயே வரக்கூடாது. அவன் மட்டுமில்ல, அவன் சித்தி மவன், பெரியம்மா மவன், மாமன், மாமனாரு, மருமவன் வரைக்கும் யாரும் வரக்கூடாது. நான் எதுக்காச்சும் கணக்குக் காட்டாம வுட்டிருந்தா, இன்னிக்கு உன் கமிட்டி பதவி காலி. 919ல வயசு முப்பதுலருந்து அறுவதுன்னு இருந்துச்சு. ரெண்டே வருஷத்துல முப்பத்தஞ்சு, எழுவதுன்னு மாத்தி வெட்டிட்டாங்க. கல்லுல வெட்டினதையே மாத்தின ஊரு இது. உங்க காலேஜ் ரூல் புக்கு பேப்பர்தானே, அத எப்பப்பா கடைசியா தொட்டீங்க?

ரொம்பவும் நெஞ்ச நிமித்தாதே. அது பிராமணருங்க ஊர் சபை. வேதம் தெரிஞ்சாத்தான் உள்ள. ஏர் புடிச்ச உன் முப்பாட்டனும் என் முப்பாட்டனும் அந்தக் கணக்குல தகுதி இல்லாதவங்கதான். பொம்பளைங்க கதையும் அதான். அளவுகோல வெட்டறவன் தன் ஒயரத்துக்குத்தான் வெட்டுவான். இன்னிக்கும் அப்படித்தான் நடக்குது. டாக்டருக்குப் படிக்கணும்னா ரெண்டு கையும் முழுசா இருக்கணும், உணர்ச்சி இருக்கணும், பலம் இருக்கணும்னு மருத்துவ ஆணையம் ரூல் வச்சிருந்துச்சு. 2025 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு அதக் கண்டிச்சுது. அதுக்கு முன்ன 2024 அக்டோபர்ல இன்னொரு தீர்ப்பு வந்துச்சு. பேச்சுல கொறை உள்ள ஒரு பையன, நாப்பது சதவீதத்துக்கு மேல கொறை இருக்குதுன்னு எம்.பி.பி.எஸ்.ல சேக்காம நிறுத்திட்டாங்க. கோர்ட்டு மருத்துவர் குழு வச்சு, இவனால படிக்க முடியுமா முடியாதான்னு பாத்துச் சொல்லுங்கன்னுது. முடியும்னாங்க, சேத்துக்கினாங்க. சதவீதத்த மட்டும் பாத்து கதவச் சாத்தாதீங்க, ஆளப் பாருங்கன்னு எழுதின நீதிபதி கே.வி. விஸ்வநாதன், கோயம்புத்தூர் சட்டக் கல்லூரியில படிச்சவரு. டீக்கடை பேப்பர்ல நானே ரெண்டு தடவ எழுத்துக் கூட்டிப் படிச்சேன். பி.எச்.டி. படிச்ச உனக்கு ஒரு தடவ போதும்.

சரி, பழங்கதைக்கே வரேன். கெயவனுக்கு அதான் வசதி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடற எடத்துல திருமுக்கூடல் இருக்குது இல்ல, நீ வண்டி வாங்கின புதுசுல பொண்டாட்டிய கூட்டிக்கினு போய் போட்டோ புடிச்சியே, அந்த வெங்கடேசப் பெருமாள் கோயில்ல வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்குது. ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் கொறைச்சல். அங்க ஒரு காலேஜ் நடந்துச்சு. பையனுங்களுக்கு ஆஸ்டல், சோறு, சனிக்கெயமை தலைக்குத் தேய்ச்சுக் குளிக்க எண்ணெய். அதோட விடல. பக்கத்துலயே வீரசோழன்ற பேர்ல ஆஸ்பத்திரி, அந்தக் காலத்துல ஆதுலர் சாலைம்பாங்க. பதினஞ்சு கட்டில். வைத்தியருக்கு வருஷத்துக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும். அறுத்துக் கட்டறதுக்குத் தனி ஆளு. மூலிகை பறிச்சாரவும் மருந்து காய்ச்சவும் ஆளு. நோயாளிய பாத்துக்கப் பொம்பளைங்க. மருந்தெல்லாம் பேர் பேரா வெட்டி வச்சிருக்கான். பூண்டும் வெளக்கெண்ணெயும் கலந்த தைலம் கூட அதுல இருக்குது.

யாருக்கு இந்த ஆஸ்பத்திரி? படிக்கற பசங்களுக்கும் சொல்லித்தர்றவங்களுக்கும் கோயில் வேலைக்காரங்களுக்கும். காலேஜ் கட்டும்போதே படிக்கற புள்ளைக்கு ஒடம்பு கெடும்னு கட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்குது. நீங்க கட்டும்போது பஸ் ஸ்டாண்டு, கேண்டீன், பெரிய வளைவு, அதுல சேர்மன் தாத்தா செலை, அல்லாம் ஞாபகம் வந்துச்சு.

உங்க பக்கத்துலயும் ஒரு வைத்தியம் இருக்குது, இல்லன்னு சொல்லல. எழுவத்தஞ்சு சதவீத வருகை. அறுவத்தஞ்சுலருந்து எழுவத்தஞ்சுக்குள்ள இருந்தா மெடிக்கல் சர்ட்டிபிகேட்டு, கண்டோனேஷன் பீசு. அதுக்கும் கீய போனா டிடெய்ன். நெசமா காய்ச்சல் வந்தவன் படுத்துக் கெடப்பான். சினிமா பாத்துட்டு வந்தவன் நூறு ரூவாய்க்கு மஞ்சக் காமாலைய எழுதி வாங்கிக்கினு வந்துடுவான். மனசு ஒடிஞ்சு போர்வைய இழுத்துப் போத்திக்கினு கெடக்கறவன் ரெண்டுலயும் சேத்தியில்ல. அவனுக்கு ஆஸ்டல்லருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கத் தெம்பிருந்தா வகுப்புக்கே வந்திருப்பான். அவங்கிட்டப் போய் சர்ட்டிபிகேட்டு எங்கடான்னு கேக்கறீங்க.

அப்புறம் இன்னா நடக்கும்னு எனக்குத் தெரியும். அப்பன வரச்சொல்லுவீங்க. அவன் கடன் வாங்கின மொகத்தோட, இஸ்திரி போட்ட சட்டையில, ஆபீஸ் வாசல்ல பெஞ்சுல உக்காந்திருப்பான். "உங்க பையன் ஹெல்த்துக்குத்தான் சொல்றோம், ஒரு வருஷம் வூட்ல வச்சுப் பாத்துக்கங்க, லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க"ம்பீங்க. லெட்டர்ல வாசகம் கூட நீங்களே சொல்லுவீங்க: சொந்த விருப்பத்தின் பேரில். அவன் கையெழுத்துப் போட்டதும் உங்க ரிசல்ட்டு ஒரு புள்ளி ஏறிடும். நொண்டற மாட்டையெல்லாம் ஓட்டி வுட்டுட்டு, என் தொயுவத்துல நொண்டி மாடே இல்லன்னு மார் தட்டற மாட்டு வைத்தியன் கணக்கா, அடுத்த வருஷம் பஸ் முதுகுல "நூறு சதவீதத் தேர்ச்சி"ன்னு எழுதிக்கலாம்.

கோவப்படாதே மாப்ளே, உன்ன மட்டும் சொல்லல. சீமையிலயும் இதே கூத்துதான். இங்கிலாந்துல பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இதுக்குன்னே விதிமுறை வச்சிருக்காங்க, ‘ஃபிட்னஸ் டு ஸ்டடி’ன்னு பேரு. பேர் கேக்க நல்லா இல்லன்னு சில எடத்துல ‘சப்போர்ட் டு ஸ்டடி’ன்னு மாத்திட்டாங்க. ஆனா அதுல படி வச்சிருக்காங்க. மொதல்ல கூப்ட்டு உக்கார வச்சுப் பேசறது. சரிப்படலன்னா டாக்டரோட சேந்து பாக்கறது. அதுக்கும் மேலதான் கமிட்டி. முடிவு பிடிக்கலன்னா பையன் மேல்முறையீடு போகலாம், வெளியில இருக்கற தனி அமைப்புக்கும் எழுதலாம். அங்க படிக்கற நம்ம புள்ளைங்களுக்கு ஒரு வம்பு உண்டு, படிப்ப நிறுத்தி வச்சா பெரும்பாலும் விசா போயிடும். அங்கயே பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல ஒரு பொண்ணு, நாலு பேர் முன்னாடி நின்னு பேசணும்னாலே நடுங்கிப் போறவ. பேசித்தான் மார்க்குன்னு நிக்க வச்சாங்க. 2018ல அந்தப் புள்ள செத்துப் போச்சு. வேற வழியில தேர்வு வச்சிருக்கணும், அது உங்க கடமைன்னு கோர்ட்டு சொல்லுச்சு. 2024ல மேல்கோர்ட்டும் அதையே சொல்லுச்சு. இங்க நையாண்டி பண்ண எனக்கு வாய் வரல.

நம்ம நாட்டுலயும் சட்டம் தூங்கல. 2017ல வந்த மனநலச் சட்டத்துல, ஒருத்தன் ஊர் வழக்கத்துக்கு ஒத்துப் போகல, அரசியல் பேசறான்னு அவனுக்கு மனநோய்னு முத்திரை குத்தக்கூடாதுன்னே இருக்குது. அவன் வைத்திய வெவரத்த ஊருக்குச் சொல்லவும் கூடாது. அப்படி இருக்க, உங்க கமிட்டிக்கு முன்னாடியே உங்கம்மாவுக்கு அந்தப் பையன் தூங்காத கதை எப்படித் தெரிஞ்சுது? இத மட்டும் நெதானமா யோசிச்சுக்க. 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு இன்னொண்ணும் சொல்லுச்சு: நூறு பேரோ அதுக்கு மேலயோ படிக்கற எடத்துல பயிற்சி பெத்த மனநல ஆலோசகரு ஒருத்தராச்சும் இருக்கணும், உதவி எண்ண ஆஸ்டல்லயும் வகுப்புலயும் கண்ணுல படற மாதிரி எழுதி வைக்கணும்னு. உங்க ஆலோசகரு யாருன்னு விசாரிச்சேன். என்.எஸ்.எஸ். பாக்கறவரும் அவரேதான், பஸ் பீஸ் வசூலும் அவரேதான். பாவம், அவருக்கு யாரு ஆலோசனை சொல்றது?

அதனால செவ்வாய்க்கெயமை கூட்டத்துக்குப் போறப்போ பிஸ்கட்ட ஒதுக்கி வச்சுட்டு இதச் செய். நெச டாக்டர் ஒருத்தர கமிட்டியில சேக்கச் சொல்லு. பையன கூப்ட்டு அவன் வாயால கேளு. தனியா வரப் பயந்தா, அவன் நம்பற ஒருத்தர் கூட வரட்டும். 14416ன்ற டெலி மானஸ் மனநல உதவி நம்பர ஆஸ்டல் சுவத்துல பெருசா எழுத வை, பெயிண்டு செலவு என்னோடது. அவனுக்கே லீவுதான் வேணும்னா தாராளமா குடு. ஆனா எந்தத் தேதியில திரும்பி வரலாம், எந்த செமஸ்டர்ல சேருவான், கட்டின பீஸ் இன்னாவாகும், அல்லாத்தையும் அதே பேப்பர்ல எழுதி நாலு டாக்டரும் கையெழுத்துப் போடுங்க. அவன் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட மட்டும் புடிச்சு வைக்காதீங்க; கூடாதுன்னு யு.ஜி.சி. 2018லயே சொல்லிட்டுது.