ஃபிரீஸருக்குள் ஒரு கிழமை

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் சமைத்துப் பெட்டி பெட்டியாக ஃபிரீஸரில் அடுக்கினால் கிழமை முழுக்கக் காசு மிச்சம் என்கிறாள் கனடாவிலுள்ள என் தங்கை. மட்டக்களப்பில் இது சரிவருமா?
- ஒரு வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சிக்கென்ன, பனிக்காலத்தில் அவவின் வாசலே ஃபிரீஸர்!

இங்கேயும் சரிவரும். வாவியில் இறால் நிறையப் படுகிற நாளில் விலை இறங்கும். அன்று இரண்டு கிலோ வாங்கி, உரித்து, ஒரு நேரத்துக்கு ஒரு பொதியாகக் கட்டி வையுங்கள். மிச்சம் அங்கேதான் இருக்கிறது. கறியாக வைப்பதென்றால் தூளும் புளியும் போட்டு வற்றவைத்து, ஆறியதும் உள்ளே தள்ளுங்கள். தேங்காய்ப்பால் சாப்பிடுகிற அன்றைக்கு. முதலே விட்டால், உருகும்போது பால் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கமாக, கோபித்துக்கொண்ட புருசன் பெண்சாதி மாதிரி நிற்கும். உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம், மாவாய் உதிரும்.

கரண்ட்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் கிடந்தோமே, அன்று எங்கள் ஃபிரீஸர் அயலுக்கெல்லாம் அன்னதானம் போட்டது. நிரம்பிய ஃபிரீஸரைத் திறக்காமல் விட்டால் கிட்டத்தட்ட 48 மணி நேரம் குளிர் தாங்குமாம். எங்கள் வீட்டில் உருகிவிட்டதா என்று பார்க்கவே அரை மணிக்கொரு தரம் திறந்தார்கள்.

இராத்திரி மண்சட்டியில் வைத்த மீன்கறியை மட்டும் உறைய விடாதீர்கள். விடியப் புட்டோடு அதைத் தேடுகிறவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.