அமுக்கு, பிடி, விடு

அம்பாசிடர்க்காரர் என்ற சொல்லுக்கு அம்பாசிடர் ஓட்டுபவர் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஓட்டுபவருக்கு டிரைவர் என்ற சொல் தனியே இருக்கிறது. அம்பாசிடரைக் கழற்றி வைத்திருப்பவரே அம்பாசிடர்க்காரர். திங்கள் முதல் சனி வரை போர்ட்டிகோவில் உறை போர்த்திக் கிடக்கும் வண்டி ஞாயிறு காலையில் ஜாக்கி மேல் ஏறும். மாலையில் இறங்கும், அல்லது அடுத்த ஞாயிறு இறங்கும்.

வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்து. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சில், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைச் செய்தது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை பெஜோ என்ற பிரெஞ்சு நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வெறும் பெயருக்கே அவ்வளவு என்றால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரம் உள்ள தன் வண்டி எவ்வளவு பெறும் என்று அம்பாசிடர்க்காரர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டது அந்தக் கணக்கில் வராது. தவிர, இது ஒரு காலத்தில் கலெக்டர் போன வண்டி, ஏலத்தில் எடுத்தது. இப்படிச் சொல்லப்படும் வண்டிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் மாவட்டத்துக்கு நாற்பது கலெக்டர்களாவது ஒரே நேரத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

இவ்வகையினரின் குணம் முழுமையாக வெளிப்படுவது கிளட்ச் சிலிண்டர் கெடும்போதுதான்.

அம்பாசிடரின் கிளட்ச் எண்ணெயால் இயங்குவது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து எண்ணெயைக் குழாய் வழியே தள்ளும். அந்த எண்ணெய் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு கம்பியைத் தள்ள, கம்பி கிளட்சைப் பிரிக்கும். ஒர்க்ஷாப்பில் இவற்றுக்கு அப்பர், லோயர் என்று பெயர். மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும் என்ற பாஸ்கல் விதிதான் அடிப்படை. பாஸ்கலின் அந்த நூல் அவர் இறந்தபின் 1663இல் வெளிவந்தது. விதியில் குறையில்லை, அதைத் தாங்கி நிற்பது இரண்டு விரல் அகலம்கூட இல்லாத ஒரு ரப்பர் கப் என்பதுதான் சங்கடம். கப் தேய்ந்தால் எண்ணெய் அதைத் தாண்டிக் கசியும், பெடல் தரையோடு தரையாகப் படுத்துவிடும், ரிவர்ஸ் கியர் போடும்போது கரும்பு ஆலையில் கல் சிக்கியதுபோல் ஒரு சத்தம் வரும்.

சத்தம் கேட்டவுடன் பழுது பார்ப்பவர் அம்பாசிடர்க்காரர் அல்லர். முதலில் அவர் பெடலை நாலைந்து முறை குத்திக் குத்தி மிதிக்கிறார். அப்படி மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் கூடிக் கியர் விழும். இப்படியே சில வாரங்கள் ஓடும். அடுத்து, ரிவர்ஸ் தேவைப்படாத இடங்களுக்கு மட்டும் போகும் பருவம். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் நிழல் பார்த்து வண்டி விட, இவர் வாசலைப் பார்த்து விடுவார். முட்டுச்சந்தில் குடியிருக்கும் சம்பந்தி வீட்டுக்கு ஆறு மாதமாகப் போகாததற்கு மனத்தாங்கல் காரணம் என்று இரு குடும்பத்திலும் பேசிக்கொள்வார்கள். காரணம் லோயர் சிலிண்டர்.

மெக்கானிக்கிடம் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உலகிலுள்ள மெக்கானிக்குகள் இரண்டு வகை: அம்பாசிடர் தெரியாதவர்கள், அம்பாசிடர் தெரிந்து ஏமாற்றுபவர்கள். மூன்றாவதாக நல்லவர் ஒருவர் இருந்தார், காலமாகிவிட்டார்.

எனவே ஒரு ஞாயிறு, கைலியை மடித்துக் கட்டி, பழைய பாயை விரித்து, அவரே அடியில் நுழைகிறார். சக்கரத்துக்குக் கல் போட்டு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டையும் முட்டுக்கொடுப்பார்; இந்த ஒன்றில் அவரைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் ஸ்பானரில் தொடங்குகிறது. அம்பாசிடரின் நட்டுகள் இஞ்சுக் கணக்கில் பிறந்தவை. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். கையில் இருக்கும் 13ஆம் நம்பர் ஸ்பானர் அதில் உட்காருவதுபோல் உட்காரும், திருப்பினால் வழுக்கும். மூன்று வழுக்கலில் நட்டின் ஆறு முனையும் மழுங்கி வட்டமாகிவிடும். காற்று எடுக்கும் நிப்பிள் இன்னும் மோசம். பல வருடத் துருவில் அது சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கும். அவசரப்பட்டால் பாதி கையோடு வரும், பாதி உள்ளேயே தங்கும். முற்பகல் இதில் கழிகிறது. இடையிடையே அடியிலிருந்து வரும் சொற்கள் இந்தக் கட்டுரைக்கு உரியவை அல்ல.

கழற்றிய சிலிண்டரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போவது இரண்டாம் கட்டம். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்:

“அசெம்பிளியா சார், கிட்டா?”

அசெம்பிளி என்பது முழுச் சிலிண்டர். கிட் என்பது உள்ளே போடும் ரப்பர்கள் மட்டும் அடங்கிய சிறு பாக்கெட். மனிதகுலத்தை இந்த ஒரு கேள்வியால் இரண்டாகப் பிரித்துவிடலாம். அம்பாசிடர்க்காரர் யோசிப்பதே இல்லை.

“கிட் போதும்.”

“உள்ள குழி விழுந்திருக்கே சார். புது ரப்பர் போட்டாலும் அரிச்சிடும்.”

“அதெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கலாம்.”

கடைக்காரர் சொன்னது உண்மை. சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி இருந்தால் கப்பின் விளிம்பு அதில் உரசி உரசிக் கிழியும். உப்புத்தாளால் லேசான கறையைத்தான் போக்கலாம், குழியை அல்ல. ஆனால் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அசெம்பிளி வாங்கியவர் என்ற பெயர் எடுக்க அம்பாசிடர்க்காரர் விரும்புவதில்லை. எண்ணெயில் மட்டும் அவர் சிக்கனம் பார்ப்பதில்லை. சென்னை பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் கிர்லிங் டப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார். கிளட்சுக்கும் பிரேக் ஆயில்தான். இதற்குப் பதில் என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிவிடும். மண்ணெண்ணெயில் கழுவினாலும் அதே கதி. பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இடதுபக்க மட்கார்டில் இந்திய வரைபடம்போல் ஒரு திட்டு இருப்பது, எப்படித் தெரியும் என்பதற்கான சான்று.

கப்பை மாட்டும்போது அதன் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அழுத்தம் நிற்காது. முதல் ஞாயிறு திருப்பிப் போடப்படும்.

இரண்டாம் ஞாயிறு, கப்பை நேராகப் போட்ட பின், காற்று எடுக்கும் படலம். கழற்றிப் பூட்டியதில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே பெடலின் மிதி முழுவதையும் ஒரு காற்றுக்குமிழி விழுங்கிவிடும். அதை வெளியேற்ற நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிட வேண்டும். டியூப் ஆஸ்பத்திரி டிரிப்ஸ் டியூப். பாட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பெடலை அமுக்க வேண்டும். அமுக்கிப் பிடித்திருக்கும்போதே நிப்பிளைத் திறக்க வேண்டும். குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்தி விட்டால் போன காற்று திரும்பி வரும்.

இங்கேதான் எந்த மெக்கானிக்கையும் நம்பாத மனிதருக்கு இன்னொருவரின் கால் தேவைப்படுகிறது. மகன் பெங்களூரில். பக்கத்து வீட்டுப் பையன் கியர் இல்லாத ஸ்கூட்டரில் வளர்ந்தவன். கிளட்ச் எந்தக் காலுக்கு என்று கேட்பான். மிஞ்சுவது மனைவி. அடுப்பில் குழம்பு கொதிக்க, புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் அவர் உட்காருகிறார்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“பிடி.”

“பிடிச்சிருக்கேன்.”

“விடாதே!”

தமிழ் இலக்கணத்தின் ஒரு பெரும் குறை இவ்விடத்தில் தெரியவரும். நம் மொழியில் மறுப்பு வினையின் வாலில் வருகிறது. வண்டிக்கு அடியிலிருந்து ஒருவர் “விடாதே” என்று கத்தும்போது தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் வால் அறுந்து தலை மட்டும் மேலே வந்து சேரும். மனைவி பெடலை விட்டுவிடுவார். காற்று உள்ளே போகும். அடியிலிருந்து, “உன்னை யாரு விடச் சொன்னது?” மேலிருந்து, “நீங்கதானே சொன்னீங்க.” இருபது முறை இது நடந்த பின் இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டு ஸ்பானரால் தட்டிச் சைகை செய்துகொள்வார்கள். ஒரு தட்டு அமுக்கு, இரண்டு தட்டு விடு. வேலை அதன்பிறகு மளமளவென்று நடக்கும். ஆனாலும் குமிழி நிற்காது.

நண்பகல் தாண்டி, கால் கடுக்க இறங்கி நின்ற மனைவி, இட்லிப் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில் கேட்பார்:

“ஏங்க, மேல டப்பாவுல எண்ணெய் இருக்கா?”

இருக்காது. அடியில் பாட்டில் நிறைய நிறைய மேலே மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய் டப்பா காலியாகிக்கொண்டிருந்திருக்கும். காலி டப்பா வழியே மிதிக்கு மிதி புதுக்காற்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கும். அம்பாசிடர்க்காரர் பதில் சொல்லாமல் எழுந்து எண்ணெய் ஊற்றுவார். பத்து மிதியில் பெடல் கல்போல் நிற்கும். ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழும். அன்று மாலையே முட்டுச்சந்துச் சம்பந்தி வீட்டுக்கு வண்டி போகும். அங்கே, “வெறும் கிட்தான். கடைக்காரன் அசெம்பிளியைத் தலையில் கட்டப் பார்த்தான்” என்ற வரலாறு விரிவாகச் சொல்லப்படும். டப்பா அதில் வராது.

குழி விழுந்த சிலிண்டர் தன் வேலையைக் காட்டச் சில மாதம் எடுத்துக்கொள்ளும். அப்போது அம்பாசிடர்க்காரர் தனியாகக் கடைக்குப் போய் அசெம்பிளியே வாங்கி வருவார். பழையதைத் தூக்கிப் போடாமல் பரணில் வைப்பார். கூடவே பிரேக் பெடலும் லேசாக இறங்குவதுபோல் அவருக்குப் படும். கிளட்சில் காற்று எடுக்க நிப்பிள் ஒன்றுதான். பிரேக்கில் நான்கு சக்கரத்திலும் எடுக்க வேண்டும். வீட்டில் இதை எப்போது சொல்வது என்பது அவர் தள்ளிப்போட்டு வரும் காரியங்களில் ஒன்று.