மேடுகளும் என் மேதாவித்தனமும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியாவுக்குத் தெற்கே லிட்டில்ராக் பக்கம் மைமா மவுண்ட்ஸ் என்றொரு புல்வெளி. கண்ணுக்கெட்டிய வரை, கவிழ்த்த சட்டிகள் மாதிரி ஆளுயர மண்மேடுகள். 1966 முதல் தேசிய இயற்கைச் சின்னம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை அங்கே கூட்டிப்போய் விளக்கம் சொல்லும் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் ஏற்றுக்கொண்டேன்.

“எல்லாம் பழங்காலக் கல்லறைங்க” என்று ஆரம்பித்தேன். 1841-ல் வந்த அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் வில்க்ஸுக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அவர் தோண்டிப் பார்த்தார். எலும்பு இல்லை, மண்ணும் கல்லும்தான். நான் தகவல் பலகையைக்கூடப் படிக்கவில்லை. மகள் படித்தாள், சத்தமாக.

பேச்சைப் பூவுக்கு மாற்றினேன். காமாஸ் நீலமாகப் பூத்திருந்த நேரம். பூர்வகுடிகள் அதன் கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டார்கள். புல்வெளியை மரங்கள் விழுங்காமலிருக்க அவ்வப்போது தீ வைத்தார்கள். இத்தனை பெருமையுள்ள பூவை விட்டுவிட்டு, ஓரத்து மஞ்சள் புதரைக் காட்டி “இதுதான் இங்க அபூர்வம்” என்றேன். அது ஸ்காட்ச் புரூம். ஐரோப்பாவிலிருந்து வந்து இந்தப் புல்வெளிகளையே மூடிக்கொண்டிருக்கும் களை. அடுத்தது டெய்லர்ஸ் செக்கர்ஸ்பாட், 2013-ல் அழியும் இனப் பட்டியலில் சேர்ந்த இந்த வட்டாரப் பட்டாம்பூச்சி. அதைப் படம் பிடித்துவிட்டதாகக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் சருகு.

மேடுகள் எப்படி வந்தன? மண்ணுக்குள் வாழும் கோஃபர் என்ற எலி வகைதான் காரணம் என்று 1942-ல் டால்குவெஸ்ட்டும் ஷெஃபரும் எழுதினார்கள். மேல்மண் கொஞ்சம்தான், கீழே பனியாறு விட்டுப்போன சரளை. ஆழத் தோண்ட வழியில்லாமல் மண்ணை வளைப் பக்கமே தள்ளித் தள்ளி, தலைமுறை தலைமுறையாக மேடாக்கியதாம். கொஞ்ச காலம் நான் கோஃபர் கட்சி.

பிறகு ஆண்ட்ரூ பெர்க்கைப் படித்தேன். நாய்க்கூண்டு செய்யப் பலகையில் ஆணி அடித்தபோது, அதன்மேல் படிந்திருந்த எரிமலைச் சாம்பல் குட்டிக் குட்டி மேடுகளாகச் சேர்ந்ததைக் கண்டவர். மேடுகளுக்குக் காரணம் நிலநடுக்கம் என்று 1990-ல் கட்டுரையே எழுதினார். சாம்பலுக்கு எங்கே போவது? ரவையைப் பரப்பிச் சுத்தியலால் தட்டினேன். மேடு வரவில்லை. ரவை அடுப்பு, ஜன்னல், மிக்ஸி வரை போனது.

“போன மாசம் எலின்னீங்களே, அதுவாவது சுத்தமா இருந்துச்சு” என்றாள் மனைவி.

இப்போது மறுபடி கோஃபர் கட்சிக்கே வந்துவிட்டேன். அதற்குப் பல நூறு ஆண்டு பிடிக்கும். செய்து காட்டச் சொல்லி வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.